முட்டைக் கண்ணம்மா

உத்திரமேரூரில் வேன் ஏறியதும் தூங்கிவிடுவேன். அந்தக் கலையில் என்னை அடிக்க ஆளில்லை. இன்று முன்சீட்டுக்காரியின் பையில் தரை துடைக்கிற திரவம் சிந்தி, எலுமிச்சை வாசனை வேன் முழுக்கப் பரவியது. கண்ணை மூடினால் சோழிங்கநல்லூர் லைன் வீடு.

வரிசையாக எட்டு அறை, ஒரே குழாய். கம்ப்யூட்டர் கம்பெனியில் தரை துடைக்கிற நாங்களும் அங்கேதான், அதே கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர்கள் இருவரும் அங்கேதான். கழுத்தில் அடையாள அட்டையோடு பல் தேய்த்துக்கொண்டு என் குடத்துக்குப் பின்னால் நிற்பார்கள். அப்போது எனக்கு வந்த மிடுக்கு இருக்கிறதே, கேட்காதீர்கள்.

என்னோடு அறையில் இருந்தவள் மாகறல் மஞ்சுளா. கூடவே அவள் மகள் வெண்ணிலா, ஒண்ணாங்கிளாஸ்.

"புள்ள கண்ணு முழிச்சா என் மூஞ்சி தெரியணுங்க்கா. அதுக்குத்தான் இங்க கீறேன்" என்பாள் மஞ்சுளா.

வேலைக்கு நடந்தே போய்விடலாம். திரும்புகையில் ஒரு பால் பாக்கெட் வாங்குவாள். டீ கொதிக்கிற வாசனையில் வெண்ணிலா சுவரில் சாக்பீஸால் அம்மா வரைவாள். முகத்தில் பாதி கண்தான். முட்டைக் கண்ணம்மா என்று கேலி செய்வேன்.

வீட்டுக்காரர் இடத்தை அடுக்குமாடி கட்டக் கொடுத்தார். அந்தப் பக்கம் எங்களுக்குக் கட்டுப்படியாகும் அறை ஒன்றுகூட இல்லை. அவரவர் ஊருக்கே திரும்பி, அங்கிருந்து வேலைக்கு வேன் பிடித்தோம். முதல் வாரம் ஒருநாள், வேலை முடிந்து பேசிக்கொண்டே நடந்தோம். மஞ்சுளா பால் வாங்கினாள். சந்து திரும்பினோம். எதிரே, லைன் வீடு இருந்த இடத்தில், தகர வேலி.

"இன்னாக்கா, இங்க வந்து நிக்கிறோம்?"

அதற்குள் வேன் போய்விட்டது. பஸ் மாறி மாறி ஊர் சேர்வதற்குள் பால் கெட்டுவிட்டது. கொட்ட மனமில்லாமல் மடியிலேயே வைத்திருந்தாள். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

இப்போது பிள்ளை எழுமுன் கிளம்புகிறாள், படுத்தபின் வருகிறாள். போன ஞாயிறு மாகறல் போயிருந்தேன். வெண்ணிலா நோட்டில் அம்மா வரைந்திருந்தாள். கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கோடு.

"இன்னாடி, கண்ணு தொறக்கலியே?"

"எங்கம்மா இப்டித்தான் கீது பெரிம்மா."

உள்ளே பட்டப்பகலில் மஞ்சுளா அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தாள். முட்டைக் கண்ணம்மா இருந்த சுவரை எப்போதோ இடித்துவிட்டார்கள்.