ஊசி குத்திய பெயர்

தோவுஸ் ஊர்ச் சந்தைக்குப் பின்னால் தையல்கடை வைத்திருக்கும் சயாலியின் வாயில் எந்நேரமும் குண்டூசிகள் இருக்கும். உதடு ஒட்டினால் குத்தும். அதனால் உதடு ஒட்டாத சொற்களாகவே பொறுக்கிப் பேசுவாள். "வா" என்று யாரையும் கூப்பிட மாட்டாள், "ஏன் நிக்கிற?" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுக்கும் எனக்கு அது பழகிப்போயிற்று. புதிதாக வருகிறவர்கள் கோபக்காரி என்று நினைப்பார்கள். கோபக்காரி நான்தான்.

அப்படி வாயில் ஊசியோடு அவள் கட்டியதுதான் அந்தப் பாட்டு. இதழகல் பாட்டு. முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை உதடு உதட்டைத் தொடாது. கல்யாணங்களில் ஸாஸ் என்ற நரம்பு வாத்தியத்தை மீட்டிப் பாடும் எங்கள் ஆஷிக்குகள், உதடுகளுக்கு நடுவே ஒரு ஊசியை நிறுத்திக்கொண்டு இப்படிப்பட்ட பாட்டைப் பாடுவார்கள். ரத்தம் வராமல் முடிப்பவன் கெட்டிக்காரன். ஆஷிக் என்றால் பாடகன், காதலன் என்றும் பொருள். அந்த இரண்டாவது பொருளை நம்பித்தான் இவள் கெட்டாள்.

மேல்கோட்டு தைக்க வந்தவன் முபாரிஸ். அப்போது பேர் வாங்காத ஆஷிக். அளவு கொடுக்க வந்தவன் போகவே மாட்டேன் என்றான். தினம் வந்து உட்கார்ந்து தேநீர் குடிப்பான்.

"நம்ம பாட்டுல காதல்னா என்ன சயாலி? தொடாம எரியறதுதான். தொட்டுட்டா அது வெறும் குடும்பம்" என்பான்.

இவளும் கண் கலங்கிக் கேட்பாள். எங்கள் பாட்டுகள் எல்லாமே அப்படித்தானே சொல்கின்றன, காதலி எட்டத்தில் இருப்பாள், காதலன் எரிவான். கல்யாணப் பேச்சை எடுத்தால் மகராசன் ஸாஸை எடுத்துவிடுவான். தொடவும் இல்லை, விடவும் இல்லை. வருஷங்கள் ஓடின.

அவனுக்காகக் கட்டிய பாட்டை அவன் காதில் பாடிக் காட்டினாள். அவன் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டான். ஆசையில் கேட்கிறான் என்று நினைத்தாள். மனப்பாடம் செய்திருக்கிறான், பாவி! செய்து முடித்ததும் கஞ்சா நகரத்துக்குப் போய், கல்யாண மண்டபக்காரர் மகளைக் கட்டிக்கொண்டான்.

அடுத்த வசந்தத்தில் கடை ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. மனைவிக்காகத் தானே கட்டியதாம். பாட்டைக் கட்டியவர் கடைசிக் கண்ணியில் தன் பெயரை முத்திரையாக வைப்பது எங்கள் வழக்கம். எங்கள் மொழியில் வினைச்சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. பெயரை மட்டும் மாற்றினால் போதும், திருட்டு முடிந்தது. சயாலி இருந்த இடத்தில் முபாரிஸ் வந்து உட்கார்ந்துவிட்டான்.

சயாலி வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள்.

"அழ மாட்டேன்டி. என் பாட்டை அவன் வாயாலயே திருப்பி வாங்குறேன்."

பாட்டு தன்னுடையது என்று ஊரில் சொன்னாள். சிரித்தார்கள். தையல்காரிக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவளோ அவன் டிவியில் வரும்போதெல்லாம் கண் கொட்டாமல் பார்த்தாள். முத்திரைக் கண்ணி வரும்போது அவன் ஊசியை எடுத்துவிட்டு, நெஞ்சில் கைவைத்துக் குனிவான். சபைக்கு மரியாதையாம். மண்ணாங்கட்டி!

"அவன் பேரைச் சொல்லிப் பாருடி. மு, பா. ரெண்டு இடத்துல உதடு ஒட்டுது" என்றாள்.

சொல்லிப் பார்த்தேன். பிறகு சயாலி என்று சொல்லிப் பார்த்தேன். ஒட்டவே இல்லை. கையிலிருந்த சட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன்.

அவள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெருமைக்கு முபாரிஸை வரவழைத்தார்கள். பந்தலில் புலாவ் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். சயாலி எழுந்து, காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஆஷிக், உங்க இதழகல் பாட்டு ஒண்ணு. இந்தாங்க ஊசி."

அவன் முகம் வெளுத்தது. "தொண்டை சரியில்லக்கா..."

"அக்காவாம்ல! எங்க கடைத் தேநீரைக் குடிச்சப்ப உயிரேன்னு வந்துச்சு" என்றேன். பந்தலே சிரித்தது.

விருந்தை நடத்திய பெரியவர் கலந்தர், "பொண்ணோட அத்தை கேக்குறா. பாடுப்பா" என்றார்.

பாடினான். திருடனாக இருந்தாலும் நல்ல குரல். முத்திரைக் கண்ணி வந்ததும் கை உதட்டுக்குப் போயிற்று.

"எடுக்காதீங்க. அது என் ஊசி. முடியறவரைக்கும் அங்கேயே இருக்கட்டும்" என்றாள் சயாலி.

"ஆமா, அதை ஏன் எடுக்கணும்?" என்றார் கலந்தர்.

வேறு வழியில்லை. பாடினான். 'மு' என்றதும் ஊசி ஏறியது. ரத்தம் மோவாயில் இறங்கி வெள்ளைக் காலரில் சொட்டியது. 'பா' வரவே இல்லை.

"தன் பேரைத் தானே சொல்ல முடியாத பாட்டை எவனாவது கட்டுவானாய்யா?" என்றார் கலந்தர்.

சயாலி ஊசியை வாங்கித் துடைத்து, தன் உதடுகளுக்கு நடுவே நிறுத்தினாள்.

*எட்ட நின்றாலே எரிகிறேன்,
இதழ் தீண்டின் என் நிலை என்ன?
எரிகிற என் காதல் தீயில்
எஞ்சி நிற்கிறாள் சயாலி.*

ஒரு சொட்டு ரத்தம் இல்லை. சபையில் தோற்ற ஆஷிக் ஸாஸை ஜெயித்தவரிடம் வைத்துவிட்டுப் போக வேண்டும். வைத்தான். சிரித்த வாய்களெல்லாம் மூடிக்கிடந்ததை ஆசைதீரப் பார்த்துக்கொண்டேன்.

இலையுதிர் காலத்தில் கடைக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

"யாரும் கூப்பிடுறதில்ல சயாலி. ஸாஸை மட்டும் குடு, எங்கப்பா வாசிச்சது. நான் உன்னை நெஜமாவே நேசிச்சேன். ஒரு நாளாவது தொட்டிருப்பேனா? அதுவே சாட்சி இல்லையா?"

எனக்கே மனசு கொஞ்சம் இளகியது. ஸாஸ் சுவரில் தொங்கியது. அதன் கழுத்தில்தான் இப்போது அவள் இஞ்ச் டேப்பை மாட்டுகிறாள். அவன் பேசி முடிக்கும்வரை ஒரு கோட்டுக்கு மடிப்பு வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு டேப்பை உருவி, அவனை நிமிர்ந்து பார்த்தாள். வாய் நிறையக் குண்டூசி.

"தர்றதா இல்ல. நட."

ஒரு ஊசிகூட அசையவில்லை.