படகில் விட்ட வெள்ளை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்குக் கே.கே. நகரில் நாலு வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதென்றால் மூன்று வீட்டுக்காரர் என் கடைக்குத்தான் வருவார்கள். டப்பாவைத் திறக்காமல் குலுக்கிப் பார்த்தே சரக்கு பழசா புதுசா என்று சொல்லிவிடுவேன். வண்ணத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை, ஒரே ஒரு வெள்ளையைத் தவிர.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் தி. நகரில் இருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து குடித்தனம். மாடி அறையில் ஒரு சீனாக்காரர். மயிலாப்பூரில் அவருடைய அண்ணன் பல் டாக்டர். இவர் அங்கே பல்செட்டு செய்துகொடுப்பார். பிறந்து வளர்ந்தது இங்கேதான் என்பதால் பேச்சு அசல் மெட்ராஸ் பாஷை. ஆனால் அப்பாவிடம் கற்றிருந்தது பழைய சீனத்து ஓவியம். மைக்கட்டியைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்து, அந்தக் கறுப்பு ஒன்றிலேயே மலை, மூங்கில், மழை எல்லாம் கொண்டுவருவார். மை உரைத்துக் கொடுப்பது அவர் மனைவி. படம் மட்டும் ஒன்றும் விலைபோகாது. ஓசிக் காலண்டரிலேயே சாமி படம் கேட்கிற தெரு எங்களுடையது.

அந்த அம்மாள் காமாலையில் போய்விட்டார். பிள்ளை குட்டி கிடையாது. அந்த மாதம் சீனாக்காரர் தானே மை உரைத்து ஒரு படம் வரைந்தார். அகலமான ஆறு, அதில் ஒரு படகு. ஒரு முனையில் குடை பிடித்த ஆள். மறுமுனையில் வெறும் காகிதம். அதைக் கட்டிலுக்கு எதிரே மாட்டினார். அப்புறம் தூரிகையைத் தொடவில்லை. அம்மா கொடுத்தனுப்பும் சோற்றை அந்தப் படத்தைப் பார்த்தபடிதான் சாப்பிடுவார்.

என் தாய்மாமா கோடம்பாக்கத்தில் சினிமா பேனர் எழுதுபவர். அங்கே உள்ளங்கை அளவு வெள்ளை தெரிந்தாலும் முதலாளி சாரத்தைவிட்டு இறங்கச் சொல்லிவிடுவார். துக்கத்தில் மனுஷர் பாதியில் விட்டுவிட்டார், முடித்துக் கொடுத்தால் மனசு தேறும் என்று மாமாவுக்குத் தோன்றியிருக்கிறது. அறைச் சாவி எங்கள் வீட்டில்தான் இருக்கும். ஒரு மதியம் ஆறு நீலமானது, வானம் ஆரஞ்சானது, படகின் மறுமுனையில் சிவப்புப் புடவையில் ஒரு பெண் உட்கார்ந்தாள். காம்பவுண்டே மாடியேறி வந்து பார்த்தது.

“அந்தம்மாக்கு ஏதுடா இம்மாம் பெரிய கண்ணு?” என்றாள் அம்மா.

“பேனர்ல அப்டித்தான்க்கா வரும்.”

சாயங்காலம் சீனாக்காரர் வந்தார். தோள் பையைக்கூட இறக்காமல் நின்றார். மெல்லிய காகிதம், பெயிண்ட் மறுபக்கம்வரை ஊறியிருந்தது.

“எடம் காலியா கீதேன்னு அவங்கள குந்த வெச்சேண்ணே,” என்றார் மாமா.

அவர் கோபப்படவில்லை. “காலியா இல்ல நைனா,” என்றார். “அவ அங்கதான் குந்திகினு இருந்தா.”

மாமா கீழே வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். சோற்றுத் தூக்கை வாங்கிவர அம்மா என்னை அனுப்பினாள். தூக்கு திறக்காமலே இருந்தது. அவர் படத்தின் முன்னால் நின்று, அந்தச் சிவப்புப் புடவையை உள்ளங்கையால் மூடி, மிச்சப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரிந்தும் கையை எடுக்கவில்லை.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறார் என நினைத்தேன். “எங்க மாமா பெயிண்டு சீக்கிரம் காஞ்சிடும்,” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.