சேனாதிபதி மடித்த பொட்டலம்

கொடைக்கானல் மலையில் இருக்கும் பள்ளங்கியில் பூண்டுக்கு மருந்தடிக்கிற காலம் வந்தால் முதலில் சேனாதிபதியைத்தான் தேடுவார்கள். டப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓரமாய் நின்றுகொள்வார்கள். முகப்பில் பெரிதாய்ப் போட்டிருக்கும் பேரை அவர் பார்க்கவே மாட்டார். டப்பாவைத் திருப்பி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் எழுத்துகளை விரல் வைத்து ஒவ்வொன்றாய் நகர்த்துவார். படித்தது ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷைக் கூட்டி வாசிக்க வராது. ஆனால் இந்த டப்பாவில் இருக்கும் எழுத்தும் அந்த டப்பாவில் இருக்கும் எழுத்தும் ஒன்றா என்று வடிவம் பார்த்துச் சொல்லிவிடுவார்.

அது பட்டு வந்த புத்தி. பல வருசத்துக்கு முன்னால் பக்கத்துக் காட்டு ஞானவேல், ரெண்டு கம்பெனி மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடித்தான். ரெண்டு மருந்து அடித்தால் நோய் சீக்கிரம் ஓடிவிடும் என்று நினைப்பு. நாலாம் நாள் பூண்டுத் தாள் முழுக்க நுனியிலிருந்து கருகிப்போனது. மருந்துக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, ரெண்டிலும் இருப்பது ஒரே மருந்துதான் என்று சொன்னார். மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டுப் போனார்கள். சேனாதிபதி மட்டும் மனசில் வைத்துக்கொண்டார்.

"ஏலே ஞானவேலு, சட்டைய மாத்திக்கிட்டு வந்தா வேற மாப்பிள்ளைன்னு நெனச்சு இன்னொரு பந்தி போடுவியா? பேரு வேற, உள்ள கெடக்குற சரக்கு ஒண்ணுதாம்லே" என்பார். ஊரே சிரிக்கும். ஞானவேலும் சிரிப்பான்.

அவர் பெண்டாட்டி மகாதேவிக்கு மட்டும் இதில் ஒரு குறை உண்டு. "காட்டுல நிக்கிற பூண்டுக்குத்தான் இவரு டாக்டரு. வீட்டுல ஒருத்திக்குத் தலைவலின்னா, சித்த படுத்துக்கன்னுட்டு வெளிய போயிருவாரு" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். பொய் இல்லை. அப்படித்தான் இருந்தார்.

இந்த வருசம் ஆவணிக் கடைசியில் பூண்டெடுப்பு. இங்கே அதற்குக் கூலியாள் பிடிப்பது குறைவு. மாத்தாள்தான். இன்றைக்கு நான் உன் காட்டுக்கு வந்தால், நாளைக்கு நீ என் காட்டுக்கு வர வேண்டும். மகாதேவி நாலு பேர் காட்டில் குனிந்து நின்று பூண்டு பிடுங்கிக் கொடுத்துவிட்டாள். பாக்கி பாப்பம்மாள் காடு. அதற்கப்புறம்தான் சொந்தக் காடு. இந்த நேரம் பார்த்து மழை தூறிக்கொண்டே இருந்தது. நனைந்து நனைந்து அவளுக்குச் சளி பிடித்து, இடுப்பு பிடித்து, காய்ச்சலும் வந்துவிட்டது.

"நாளைக்குப் போகாத" என்றார் சேனாதிபதி.

"போகலைன்னா வியாழக்கிழமை நம்ம காட்டுக்கு ஒருத்தி வரமாட்டா. மழைக்குள்ள கெடந்து பூண்டு அழுகட்டும்னா சொல்லுங்க, படுத்துக்கிறேன்."

அவர் எழுந்து குமாரவேல் கடைக்குப் போனார். அது பெட்டிக்கடை. ஷாம்பு வெட்டுகிற கத்தரிக்கோலாலேயே மாத்திரை அட்டையையும் வெட்டிக் கொடுப்பான் குமாரவேல். அவனுக்கும் பேர் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. நிறம்தான் கணக்கு. "மேலு வலிக்கு ரோசு, சளிக்கு மஞ்ச. எத்தன வெட்ட?" என்றான். அஞ்சு நாளைக்கு வெட்டச் சொன்னார். காய்ச்சலுக்கு வெள்ளை மாத்திரை வீட்டில் கிடந்தது. நர்சம்மா வந்தபோது கொடுத்துவிட்டுப் போன முழு அட்டைகள்.

வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். பேப்பரைச் சதுரம் சதுரமாய்க் கிழித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு ரோசு, ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை. நாலு மூலையையும் நடுவுக்கு மடக்கி, கடைசி மூலையை உள்ளே செருகினார். டேங்குக்கு ஒன்றாய்த் தூள் மருந்தைப் பிரித்து வைப்பதும் இந்த மடிப்பில்தான். எத்தனை உதறினாலும் பிரியாது. நாளைக்கு நாலு பொட்டலம்.

"மேலுக்கு ஒண்ணு, சளிக்கு ஒண்ணு, காய்ச்சலுக்கு ஒண்ணு. மூணும் சேந்தாத்தான் வெரசா கேக்கும்."

மகாதேவி பொட்டலத்தைப் பார்த்துச் சிரித்தாள். "என்னங்க இது, எனக்கும் டேங்கு கலக்குறீங்களா?" இத்தனை வருசத்தில் தனக்கென்று அவர் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தது அவளுக்குச் சந்தோசம். வெறும் வயிற்றில் கட்டங்காப்பியோடு முழுங்கினாள்.

கேட்டது. அதுதான் கொடுமை. மறுநாள் வெள்ளனே எழுந்து, சேலைக்கு மேலே அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, பாப்பம்மாள் காட்டுக்கு முதல் ஆளாய்ப் போய் நின்றாள். வலி குறைந்ததால் முன்னைவிட வேகமாய்ப் பிடுங்கினாள். "மதினி, உங்க வீட்டுக்காரரு மாத்திரையில எனக்கும் ரெண்டு குடுங்க" என்றாளாம் பாப்பம்மாள். "அதெல்லாம் எனக்குன்னு கலக்குனது" என்றாளாம் இவள். அப்புறம் சொந்தக் காடு. நாலு நாளும் அப்படியே ஓடியது. சோறு இறங்கவில்லை என்று பாதியில் வைத்துவிடுவாள். பொட்டலத்தை மட்டும் விடவில்லை.

அஞ்சாம் நாள் கடைசிப் பூண்டைப் பிடுங்கி முடித்துவிட்டு வந்தவள் வாந்தி எடுத்தாள். அன்றோடு மாத்திரையை நிறுத்தினாள். ஏழாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. காமாலை என்றார்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார் சேனாதிபதி. அதில் இன்னும் ரெண்டு நாள் போனது. பிறகுதான் ஞானவேல் ஜீப்பில் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனார்கள்.

மகள் தமிழ்மதி அங்கே ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறாள். வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். டாக்டரம்மா சின்ன வயசு. ரத்தப் பரிசோதனை வந்ததும் முகம் மாறிவிட்டது. "என்னென்ன மாத்திரை சாப்ட்டாங்க? ஒண்ணு விடாம எனக்குத் தெரியணும்" என்றாள். மகாதேவி மூணு நிறத்தையும், நாளைக்கு நாலு தடவை, அஞ்சு நாள் என்பதையும் முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தமிழ்மதி குமாரவேலுக்குப் போன் போட்டு, கடையில் இருந்த முழு அட்டைகளையும் வீட்டில் கிடந்த வெள்ளை அட்டையையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள்.

டாக்டரம்மா போனைப் பெரிதாக்கிக் காட்டினாள். "இந்த ரோஸ்ல பாராசிட்டமால் இருக்கு. கூட வலிக்கு இன்னொரு மருந்து சேத்திருக்கு. வெறும் வயித்துல அதைப் போடவே கூடாது. இந்த மஞ்சள்லயும் பாராசிட்டமால். கூடச் சளிக்கு ரெண்டு. வெள்ளை முழுக்க அதே பாராசிட்டமால்தான். அப்படின்னா மூணும்..."

"பேரு வேற. சரக்கு ஒண்ணு."

சொன்னது சேனாதிபதி. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அதேதாங்கய்யா. நல்லாச் சாப்பிடுற, திடமான ஆளுக்கே ஒரு நாளைக்கு நாலு கிராம்தான் கடைசி எல்லை. இவங்க சரியாச் சாப்பிடாம ஆறு கிராமுக்கு மேல, அஞ்சு நாள் போட்டிருக்காங்க. ஈரல் தாங்குமா? முதல்லயே வந்திருந்தா முறிக்கிறதுக்கு மருந்து இருக்கு. இப்பவும் போடுறேன். ஆனா லேட். மதுரைக்குக் கொண்டுபோங்க." அப்புறம் கேட்டாள். "யாரு இப்படி மூணையும் ஒண்ணாக் குடுத்தது?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நானாத்தான் டாக்டரு வாங்கிப் போட்டேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது."

தமிழ்மதி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏம்மா, ஒரு போன் பண்ணிக் கேட்டா என்னம்மா? அப்படி என்ன அவசரம் உனக்கு?" சேனாதிபதி திறந்த வாயை மூடிக்கொண்டார். அப்படி மூடிக்கொண்டது அது முதல் தடவை.

மலை இறங்குகிற வழியில் ஆம்புலன்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கில் பூண்டு வாசம் போகவில்லை. "பூண்டு காயுறதுக்குப் புகை போட்டீங்களா?" என்று கேட்டாள். "போடலாம், நீ வா" என்றார். "ஈரத்தோட கெடக்கும், ஞானவேலுட்ட சொல்லுங்க" என்றாள். அதற்கப்புறம் அவள் தெளிவாய்ப் பேசவில்லை. மதுரையில் அஞ்சு நாள் இருந்தாள். கடைசி ரெண்டு நாள் அவரை யாரென்று தெரியவில்லை. திரும்பி மலையேறியது அவள் உடம்புதான்.

பூண்டுக்குப் புகை போட்டது பாப்பம்மாளும் மற்ற மாத்தாள் பெண்களும்தான். மகாதேவி கட்டிய கட்டுகள் வீட்டுக்குள் கொடியில் தொங்க, துக்கத்துக்கு வந்தவர்கள் அதற்குக் கீழேயே உட்கார்ந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் தமிழ்மதி ஒரே கதையைத்தான் சொன்னாள்.

"எங்கம்மா பண்ணுன வேலை அத்தை. கண்டதையும் வாங்கி முழுங்கிட்டு, சொல்லக்கூட இல்ல. அப்பாவுக்கே தெரியாது."

"அவ எப்பவுமே அழுத்தக்காரி தாயி" என்பார்கள் அவர்கள். செத்தவள்மேல் பழி ஒவ்வொரு வாயாக ஏறியது. சேனாதிபதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். பாப்பம்மாள் ஒரு தடவை அவரை உற்றுப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். ஆனால் சொல்ல வேண்டியது அவள் இல்லை. அவர் குனிந்துகொண்டார்.

அந்த நாட்களில் ஒரு தடவை வெள்ளை மாத்திரை அட்டையைத் தேடி எடுத்தார். வெட்டாத அட்டை. திருப்பினார். குமாரவேல் கடைக்குப் போய், ரோசிலும் மஞ்சளிலும் ஒவ்வொரு முழு அட்டை வாங்கித் திருப்பினார். மூன்றையும் வெயிலில் வைத்து எழுத்தைப் பொருத்தினார். முதல் எழுத்து ஒன்று. ரெண்டாவது ஒன்று. மூணாவது ஒன்று. ஒரு டம்ளர் காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. "இனிமே இதை வெட்டாதடா. முழுசாக் குடு. பின்னாடி எழுதியிருக்குற பேரு போனா ஆளே போயிரும்" என்றார் குமாரவேலிடம். அவன் விளங்காமல் தலையாட்டினான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் தமிழ்மதி கிளம்புகிறாள். போகும்முன் அம்மாவின் துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். காட்டுக்குப் போட்டுப்போன அந்தச் சட்டை, மண் ஒட்டியபடி ஆணியில் தொங்கியது. பையைத் தடவினாள். ரெண்டு பொட்டலம். அஞ்சாம் நாள் சாப்பிடாமல் விட்டவை.

"பாருப்பா" என்று கொண்டுவந்து நீட்டினாள். கண் நிறைந்திருந்தது. கோபமும் இருந்தது. "செட்டு செட்டாக் கட்டி சட்டைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா. இப்படித் திருட்டுத்தனமா..."

"ஒளிச்சு வைக்கல."

"பின்ன?"

"அந்த மடிப்பப் பாரு."

அவள் பார்த்தாள். நாலு மூலையும் நடுவுக்கு, கடைசி மூலை உள்ளே. சின்ன வயசில் மருந்துத் தூள் பொட்டலங்களை எண்ணி எண்ணி எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். அவளுக்கு வேறு சாட்சி தேவையில்லை.

"நாந்தாம்மா கட்டிக் குடுத்தேன். அஞ்சு நாளைக்கும். அவ என்னத்தயும் கேக்கல. நான் குடுத்தேன், போட்டா."

"ஆஸ்பத்திரியில அம்மா..."

"எனக்காகச் சொன்னா. நான் பேசாம நின்னேன். நீ அவளை ஏசும்போதெல்லாம் பேசாமத்தான் இருந்தேன்."

தமிழ்மதி பொட்டலத்தைப் பிரித்தாள். ரோசு, மஞ்சள், வெள்ளை. அழுவாள் என்று நினைத்தார். கத்தினால்கூடத் தேவலை என்று நினைத்தார். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"பூண்டுக்குன்னா ஒவ்வொரு எழுத்தா வாசிப்பியேப்பா."

அவர் கையை நீட்டி அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

அவள் அந்தச் சட்டையை மட்டும் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். பஸ் நிற்கிற இடம்வரை அவர் பின்னாலேயே போனார். வழியில் ஞானவேல் எதிரே வந்து, மகளைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றான். பஸ் வந்தது. எப்போதும் படியில் ஏறி நின்று, "போய்ட்டு வர்றேம்ப்பா" என்பாள். கல்யாணமாகிப் போன நாளிலும் அப்படித்தான் சொன்னாள்.

அன்றைக்குப் படியில் ஏறினாள். திரும்பிப் பார்த்தாள்.

"போறேம்ப்பா" என்றாள்.

பஸ் வில்பட்டிப் பக்கம் திரும்பி மறையும்வரை அவர் நின்றார். அதற்கப்புறமும் நின்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறவள், ரெண்டு ஞாயிறாக வரவில்லை. மூணாவது ஞாயிறும் பத்து மணி பஸ்ஸுக்கு அவர் போய் அதே இடத்தில்தான் நிற்கிறார்.