காது குத்திய மரம்

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் தீபாவளிக் கடைகளைச் சுற்றி வந்தேன். வாங்குவதற்கு ஒன்றுமில்லை, சும்மா வேடிக்கை பார்க்கத்தான். ஒரு கடை வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கியது. என்ன பச்சை, என்ன பளபளப்பு. கிட்டப் போய் வழக்கம்போல ஓர் இலையை நகத்தால் கிள்ளி முகர்ந்து பார்க்கப் போனேன். இலை கிள்ளுப்படவே இல்லை. கடைக்காரப் பெண் சிரித்தாள். "பிளாஸ்டிக் லா ஆன்டி. வாடாது. அழுக்கானா சோப்பு போட்டுக் கழுவிக்கலாம்."

மாவிலையைச் சோப்பு போட்டுக் கழுவும் காலத்தில் இருக்கிறோம். வந்த எரிச்சலுக்கு அந்தப் பெண்ணை ஏதாவது சொல்லியிருப்பேன். நல்லவேளையாக யாரோ மல்லிகைப்பூ கேட்டு வந்துவிட்டார்கள். இலை என்றால் வாசம் வர வேண்டும். இது வயதான பிடிவாதம் என்று நினைக்காதீர்கள், நான் சம்பளம் வாங்கிச் சாப்பிட்டதே இலை தழை வாசத்தில்தான். கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷம் கிள்ளானில், வன இலாகாவின் சின்ன அலுவலகம் ஒன்றில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன்.

வன இலாகா என்றதும் யானை, புலி என்று கற்பனை பண்ண வேண்டாம். நான் பார்த்த ஒரே காட்டு மிருகம் கூரைமேல் ஓடிய குரங்கு, அதுவும் என் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு. எங்கள் வேலை பெர்மிட் கொடுப்பது. அரசாங்க நிலத்தில் தானாக முளைத்த எதை எடுத்து விற்பதென்றாலும் எங்கள் கவுண்டருக்கு வந்தாக வேண்டும். மூங்கில், பிரம்பு, கூரை வேய நீப்பா ஓலை, கடலோரத்துச் சேற்று மரக்கழி, பெத்தாய்க் காய் எல்லாவற்றுக்கும் தனித்தனி பெர்மிட். தைப்பூசம் நெருங்கினால் காவடிக்கு மூங்கில் கேட்டு ஒரு கூட்டம் வரும். ரோட்டோர வேப்பமரத்தில் இலை பறிக்க அனுமதி கேட்டு ஒரு பெரியவர் வருஷா வருஷம் வருவார். "தாத்தா, அது நகராண்மைக் கழகத்து மரம், எங்களுது இல்ல" என்று நானும் வருஷா வருஷம் சொல்வேன். "மரம் என்ன கழகம் பாத்தா மொளைக்குது" என்று முனகிக்கொண்டே போவார்.

பெர்மிட்காரர்கள் பிரியமாகக் கையில் திணித்துவிட்டுப் போகும் பெத்தாய்க் காய் இருக்கிறதே, நாற்றம் ஊரைத் தூக்கும், அதைச் சாப்பிட்ட நாளில் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். கிள்ளானிலிருந்து சுங்கை வேயில் என் வீடு வரைக்கும் ராணி மாதிரி வருவேன்.

அந்தக் கவுண்டருக்கு வந்தவர்களில் பெண் என்று பார்த்தால் ஒரே ஒருத்திதான். பெயர் லெட்சுமி, எல்லோருக்கும் லோரி அக்கா. சொந்தமாக ஒரு பழைய நீள லோரி வைத்திருந்தார், தானே ஓட்டுவார். ஆண்பிள்ளைச் சட்டை, பூப்போட்ட பாத்தேக் கைலி, தலையில் ஓலைத் தொப்பி, மூக்கில் மட்டும் கல் மூக்குத்தி பளிச்சென்று இருக்கும். மர லைசன்ஸ் வாங்க வரும் ஆம்பிளைகள் எல்லாம் அவரைப் பார்த்து முதலில் இளிப்பார்கள். "என்ன அண்ணே, வாய் வலிக்கலயா" என்று கேட்பார். அதோடு அடங்கிவிடுவார்கள். எனக்கு அப்போது இருபது வயசு. யாராவது குரல் உயர்த்தினால் கண்ணில் தண்ணி வந்துவிடும். அக்கா மாதிரி ஒரு தடவையாவது பேசிவிட வேண்டும் என்று ராத்திரி படுத்துக்கொண்டு ஒத்திகை பார்த்திருக்கிறேன். காலையில் வந்து நின்றால் ஒரு வார்த்தையும் வராது.

அக்காவுக்குக் கிடைத்தது சின்ன லைசன்ஸ்தான். சுங்கை பூலோவுக்கு அப்பால் ரோடு போடுவதற்காகக் காலி பண்ணவேண்டிய அரசாங்க நிலத்தில் நின்ற மரங்களை வெட்டி விற்கலாம். அதில் ஒன்று செங்கால் மரம். கறையான் தொடாத ஜாதி, மழையில் நின்றால் இன்னும் இறுகும் என்பார்கள். ஓங்கி, ஒரு கோணல் இல்லாமல் நின்றதாம். கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான மேருவில் ஒரு அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வர இருந்தது, கொடிமரத்துக்கு மரம் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். அக்கா தானே போய், "எங்கிட்ட இருக்கு, எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

இங்கே எங்கள் இலாகாவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மரத்தை வெட்டியதும் எங்கள் ரேஞ்சர் போய்ப் பார்ப்பார். அரசாங்கத்துக்குச் சேரவேண்டியது சேர்ந்துவிட்டது என்றால் அடிப்பக்கத்து வெட்டுமுகத்தில் ஓர் இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார். சுத்தியல் முகத்தில் எழுத்து செதுக்கியிருக்கும், அது மரத்தில் ஆழப் பதியும். அந்த முத்திரை இருந்தால் லோரி ரோட்டில் போகலாம். இல்லாவிட்டால் அது திருட்டு மரம். மரமும் போகும், லோரியும் போகும், லைசன்ஸும் போகும். எங்கள் ரேஞ்சர் ஹாலிம் அதிகம் பேசாத மனிதர். சட்டம் என்றால் சட்டம். 'தா போலே', முடியாது, என்பதைத் தவிர அவர் வாயில் வேறு மலாய் வார்த்தை உண்டா என்று எனக்குச் சந்தேகமே இருந்தது.

அந்தச் செங்கால் மரத்துக்கும் அவர் முத்திரை அடித்தார். மறுநாள் கோயில்காரர்கள் மேளதாளத்தோடு போய் மரத்துக்குப் பூஜை போட்டார்கள். கோபுர வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்திருந்த ஸ்தபதியும் போயிருந்தார். மஞ்சள் பூச உட்கார்ந்தவர் அடியில் முத்திரையைப் பார்த்துவிட்டார். கொடிமரம் அம்மனின் முதுகெலும்பு மாதிரி, காயம் பட்ட மரம் ஆகவே ஆகாது. இவ்வளவு நல்ல மரத்தில் எவனோ இரும்பால் அடித்துவிட்டானே என்று மனசு பதறி, ரம்பத்தை எடுத்து அடிப்பக்கத்தில் ஒரு வில்லையை அறுத்து எடுத்துவிட்டார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அக்கா அந்த நேரம் லோரிக்கு டீசல் போடப் போயிருந்தார். திரும்பி வந்தபோது மரத்தை மஞ்சள் துணியில் சுற்றி, வேப்பிலை கட்டி, மாலை போட்டு வைத்திருந்தார்கள். துணியை அவிழ்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

வழியில் எங்கள் சோதனைச் சாவடியில் துணியை அவிழ்த்தார்கள். வெட்டுமுகம் வழவழவென்று இருந்தது, முத்திரை இல்லை. லோரியை அப்படியே எங்கள் அலுவலக வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். மாலையும் வேப்பிலையுமாக அம்மன் ஊர்வலம் வந்து நின்றது போலிருந்தது, பக்கத்தில் போலீஸ் மட்டும் கூடுதல். வெள்ளிக்கிழமை முகூர்த்தம், அன்று புதன்கிழமை.

உள்ளே ஹாலிம் மேசைக்கு முன்னால் அக்கா, கோயில் தலைவர், ஸ்தபதி மூவரும் நின்றார்கள். ஸ்தபதிக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. "நீ வந்து மொழிபெயர்" என்று ஹாலிம் என்னைக் கூப்பிட்டார்.

"முத்திரையை அறுத்தது யார்?" என்று ஹாலிம் மலாயில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். தலைவர் தரையைப் பார்த்தார். ஸ்தபதி ஒரு அடி முன்னால் வந்தார். "நான்தாம்மா அறுத்தேன். இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஐயாகிட்ட அப்படியே சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்தார். "சொல்லாதம்மா" என்றார், மெதுவாக, சாதாரணமாக. "இவரு வெளியூருக்காரரு. கைய காட்டுனா இன்னிக்கே போலீஸ் லோக்காப், அப்புறம் கப்பல். ஊர்ல பொண்ணு கல்யாணத்த வெச்சிக்கிட்டு இங்க கல்லு கொத்துறாரு." பிறகு ஹாலிமைப் பார்த்து மலாயில் சொன்னார்: "என்சே, ஐயா, அவர் மன்னிப்புக் கேட்கிறார், அவ்வளவுதான். லைசன்ஸ் என்னுது, லோரி என்னுது. என் லைசன்ஸில் வந்த மரத்துக்கு நான்தான் பொறுப்பு."

அந்த லோரி போனால் அக்காவுக்குச் சோற்றுக்கு வழியில்லை. அது எனக்கும் தெரியும், அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஹாலிம் என்னைப் பார்த்தார். "அவர் சொன்னது அதுதானா?" நான் தலையாட்டினேன். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அக்கா கையை விடாமல் பிடித்திருந்தார், அதுவாகத்தான் இருக்கும்.

ஹாலிம் ரொம்ப நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம், "அறுத்த துண்டு எங்கே?" என்றார். தூக்கி எறிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கொடிமரத்தின் உடம்பில் ஒரு சிராய்கூட மிதிபடக் கூடாது என்று அதைக் கோயிலுக்கு அனுப்பி அம்மன் காலடியில் வைத்திருந்தார்கள். தலைவர் ஓடினார். ஒரு மணி நேரத்தில் துண்டு வந்தது. எப்படி வந்தது தெரியுமா? தாம்பாளத்தில், வெற்றிலை பாக்கு தேங்காயோடு, சிவப்புப் பட்டுத் துணி போர்த்தி. அரசாங்க வழக்குக்கு ஆதாரம் இப்படிச் சீர்வரிசையாக வந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஹாலிம் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஈரத்துணியால் மஞ்சளைத் துடைத்தார். எழுத்து தெளிவாக இருந்தது. வெளியே போய் மரத்தோடு சேர்த்துப் பார்த்தார். வெடிப்பு வெடிப்போடு பொருந்தியது.

"சரி. ஆனால் முத்திரை இல்லாமல் ரோட்டில் போக முடியாது. மறுபடி அடிக்க வேண்டும்" என்றார். நான் தமிழில் சொன்னதும் ஸ்தபதி மரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ வேண்டாம்மா. இன்னொரு காயமா? அதுக்கு இந்த மரமே வேண்டாம்." வாசலில் கூடியிருந்த கோயில் பெண்கள் சிலர் அழவே ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்காதான் பேசினார். "ஏங்க ஸ்தபதி, உங்க பொண்ணுக்குக் காது குத்துனீங்களா?"

"குத்தாம? மாமன் மடியில உக்கார வெச்சுக் குத்துனோம்."

"அது காயமா?"

ஸ்தபதி குனிந்து வெட்டுமுகத்தைப் பார்த்தார்.

"காட்டுல யாருமத்து நின்ன புள்ளை. இப்ப ஆத்தா வீட்டுக்குப் போகுது. காது குத்தி அனுப்புங்க."

ஸ்தபதி மரத்திலிருந்து கையை எடுத்தார். நல்ல நேரம் பார்த்தார். ஹாலிமின் சுத்தியலை வாங்கிச் சந்தனம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். ஹாலிம் கொஞ்சம் விழித்தார், ஆனாலும் வாங்கிக்கொண்டார். ஓங்கி ஒரே அடி. பெண்கள் குலவை போட்டார்கள். மாடியிலிருந்த வேறு இலாகாக்காரர்கள் எல்லாம் ஜன்னலுக்கு வந்து பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தில் கொடிமரத்தை நட்டார்கள்.

அக்காவுக்கு லோரி தப்பியது. முத்திரை போனதற்கு லைசன்ஸை ஒரு வருஷம் நிறுத்திவைத்தார்கள். அந்த வருஷம் பூரா மற்றவர்களுக்குச் செங்கல்லும் மணலும் ஓட்டினார். கோயில் பக்கம் போய் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஸ்தபதி வேலை முடிந்து ஊருக்குப் போகிறபோது அக்காவின் லோரிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாராம். "எந்திரிங்க, டைம் ஆகுது, லோட் எறக்கணும்" என்று அக்கா சொன்னதாகக் கேள்வி.

பல வருஷம் கழித்து ஹாலிம் ஓய்வு பெற்ற விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். பிரியாணித் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சாப்பாடு நல்லா இருக்கா?" என்றார். தமிழில். எனக்கு விக்கலே வந்துவிட்டது.

"நான் பொறந்தது எஸ்டேட் ஓரத்து மலாய்க் கிராமம். சின்னதுல தமிழ்ப் பசங்களோடதான் பந்து வெளையாடுவேன்" என்றார். மலாய் வாடை அடித்தாலும் சுத்தமான பேச்சு.

"அப்படின்னா அன்னிக்கு ஸ்தபதி சொன்னது..."

"புரிஞ்சிருந்தா நான் ரிப்போர்ட்ல எழுதணும்மா" என்றார். "அதனால புரியல."

லோரி அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மரங்கள் நின்ற நிலத்தில் போட்ட ரோட்டோரம் இப்போது அடுக்குமாடி வீடுகள். கவுண்டரும் இல்லை. பெர்மிட்டெல்லாம் இப்போது போனிலேயே எடுத்துக்கொள்கிறார்களாம். என் மகன் அதே போனை வைத்து இன்னொன்றும் காட்டினான். யார் எந்த மொழியில் பேசினாலும் உடனுக்குடன் மலாயில் சொல்லிவிடுகிறது, ஒரு வார்த்தை விடாமல். நல்ல வசதிதான். அன்றைக்கு அது ஹாலிம் மேசைமேல் இருந்திருந்தால் ஸ்தபதியை லோக்காப்பில் போட்டிருப்பார்கள்.