மேஸ்திரி இத்தோ கேட்ட கேள்வி

பதினெட்டு நாள் கடலில் மத்தி இல்லை. அடுத்த நாள் காலை ஒன்பது படகுகள் முங்கிவிடுவது போன்ற பாரத்தோடு வந்தன. சாஃபித் துறைமுகமே கூவியது! எங்கள் டப்பா மீன் ஆலையின் சங்கு ஊத, செருப்பு வழுக்க வழுக்க ஓடினோம்.

எங்கள் மேசையில் ஐம்பது பெண்கள். எங்களுக்கு மேஸ்திரி இத்தோ என்பவள். வெள்ளிக்கிழமை தைக்காவில் கூட்டத்தோடு இறைவன் பேரை திக்ராகச் சொல்லும்போது அவள் குரல் அத்தனை இனிமை. சனிக்கிழமை ஆலைக்குள் வந்தால் திட்டு, விரட்டு. மீன் நின்றுபோவதற்கு முந்தின நாள் எங்கள் மேசை மஹ்ஜூபா பொறுக்காமல், லல்லா என்று மரியாதையாக அழைத்தே கேட்டுவிட்டாள்:

"ஏன் லல்லா, நேத்து அல்லா பேரைச் சொன்ன வாயா இது? இல்ல, வேலைக்கு வேற வாய் மாட்டிட்டு வர்றீங்களா?"

மேசையே சிரித்தது. இத்தோவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பதினெட்டு நாளும் தூக்கம் பிடிக்கவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

இப்போது மீன் மலையாகக் குவிந்து கிடந்தது. மேனேஜர் ஓடி வந்தார்.

"ஐஸ் மெஷின் படுத்துடுச்சு இத்தோ! சாயங்காலத்துக்குள்ள முடிக்கலேன்னா அத்தனையும் கோழித் தீவனத்துக்குத்தான்!"

இத்தோ வாயைத் திறந்தாள். நாங்கள் தோளைக் குறுக்கிக்கொண்டோம். ஆனால் அவள் கண்ணை மூடினாள். திக்ரு சொல்வதுபோல உதடு மட்டும் அசைந்தது. மூன்று மூச்சு இருக்கும்.

"மஹ்ஜூபா, நீ சொல்லும்மா. இதை எப்படி முடிக்கலாம்?"

மஹ்ஜூபா திரும்பிப் பின்னால் பார்த்தாள். "என்னையா கேக்குறீங்க?"

"உன்னைத்தான். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."

"வயசானவங்களை மீன் தலை வெட்ட நிக்க வெச்சிருக்கீங்க, பாவம், கை நடுங்குது. அவங்க உக்காந்து டப்பால அடுக்கட்டும். வேகமான கைங்க முன்னால வரட்டும். அப்புறம்..." கொஞ்சம் தயங்கினாள். "நீங்களும் கத்தி எடுங்க."

ஓவென்று கூச்சல்! இத்தோ வளையலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு எனக்கும் மஹ்ஜூபாவுக்கும் நடுவில் வந்து நின்றாள். யாரோ நபியைப் போற்றும் ஸலவாத்துப் பாட்டை எடுத்தார்கள். ஐம்பது குரலும் சேர்ந்தன, கத்திகளும் அதே தாளத்தில் விழுந்தன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"வேலை நேரத்துல என்ன பாட்டு?" என்றார் மேனேஜர்.

"கிட்ட வராதீங்க, சட்டையெல்லாம் செதில் ஒட்டிக்கும்!" என்றாள் இத்தோ.

வேலைக்கு நடுவில் எங்கள் மேசை ஃபத்னா விரலை அறுத்துக்கொண்டாள். இத்தோவே கழுவிக் கட்டுப்போட்டு, "உக்காரு, உன் பங்கை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டபோது கடைசிக் கூடை காலி. ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தோம். இத்தோ எல்லார் முன்னாலும் வந்து நின்றாள்.

"இவ்வளவு நாளா உங்களை விரட்டிட்டேன். மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பு கிடக்கட்டும் லல்லா, மொதல்ல டீ சொல்லுங்க!" என்றாள் மஹ்ஜூபா.

இத்தோ ஒரே நாளில் மாறிவிடவில்லை. இன்னமும் குரல் ஏறும். பாதியில் நிறுத்திக் கண்ணை மூடுவாள், நாங்கள் காத்திருப்போம். பக்கத்து மேசைப் பெண்கள் ஆறு பேர் எங்கள் மேசைக்கு மாற்றச் சொல்லி இன்று மேனேஜர் அறை வாசலில் நிற்கிறார்கள்.