'காணவில்லை' என்று எழுதத் தெரியாமல்

திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். ஹைதராபாத்திலிருந்து தனியாக வந்து தங்கியிருந்த பெரியவர் ஒருவர், காலையில் கிரிவலம் போனவர், மாலை நான்கு மணியாகியும் திரும்பவில்லை. போனையும் அறையிலேயே விட்டுவிட்டார். தெரிந்த ஆட்டோக்காரர் குமாரைத் தேட அனுப்பிவிட்டு, பெரியவரின் மகளுக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினேன். காணவில்லை என்பதற்கு 'லாஸ்ட்' என்று எழுதாமல், பதற்றத்தில் 'ஃபாதர் லாஸ், சாரி' என்று எழுதிவிட்டேன்.

உடனே போன் வந்தது. மகள் அழுதுகொண்டே, "பாடி எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். 'லாஸ்' என்றால் இழப்பு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நோ மேடம், நோ டெத்" என்றேன்.

"அப்படியென்றால் அப்பா எங்கே?" என்றார். தேட ஆள் அனுப்பியிருப்பதாகச் சொன்னேன். உயிரோடு இருக்கிறார் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அரை மணி நேரம் கழித்துக் குமார் கூப்பிட்டார். "பெரியவரு அடி அண்ணாமலை டீக்கடையில உக்காந்துனு இருக்காருக்கா. கால் வலியாம்."

"அவருகிட்ட போனைக் குடுங்க" என்று சொல்லி, மகளையும் அதே அழைப்பில் சேர்த்துவிட்டேன்.

இப்போதெல்லாம் எழுதியதை இன்னொருவரிடம் காட்டி, அவருக்கு என்ன புரிந்தது என்று கேட்ட பிறகுதான் அனுப்புகிறேன்.