அக்காவின் காலில் முள்

எனக்கு வயது ஐம்பத்தேழு. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. நாலாவது என் ஓர்ப்படியின் பெண்; அவளுக்கும் நான்தான் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். நானோ மூன்றாம் வகுப்போடு சரி. இருந்தாலும் இதைப் பேத்தியின் பழைய நோட்டில் என் கையாலேயே எழுதுகிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும்.

எண்பதுகள் தொடங்கிய சமயம். எனக்குப் பத்து, பதினொரு வயது. அப்பாவுக்குத் தண்டவாளம் பார்க்கும் வேலை. தாம்பரத்தில் ரயில்வே லைன் வீட்டில் இருந்தோம். அக்காவை அதுவரை இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு முறையும் பஜ்ஜி தின்றார்கள், கை கழுவினார்கள், அப்புறம் ஒரு சேதியும் இல்லை. அவர்களுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு போயிற்று. எங்களுக்குத் தெருக்குழாய் இருந்ததே! குடத்தோடு போனால், "இன்னாடி, மாப்ள வூட்ல இன்னா சொன்னாங்க?" என்று நாலு பேர் கேட்பார்கள். இரண்டாவது முறைக்குப் பிறகு அக்கா தண்ணீருக்குப் போகவே மாட்டேன் என்றுவிட்டாள். அந்தக் குடம் என் இடுப்புக்கு வந்தது.

மூன்றாவது இடத்தை மாமா கொண்டுவந்தார், அம்மாவின் தம்பி. ஸ்டேஷனுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர் காலத்தில் காட்டுக்குள்ளேயே கட்டின கல்லூரி ஒன்று உண்டு. அங்கே ஹாஸ்டல் சமையல்கட்டில் அவருக்கு வேலை.

"இந்தத் தபா வூட்டாண்ட வேணாம் மச்சான்" என்றார் அப்பாவிடம். "காட்டுக்குள்ள ஒரு பாதை குளத்தச் சுத்திகினு போவுது. அவங்க அந்தக் கேட்டுல வந்து, கோயில் சுத்தற மாதிரி வருவாங்க. நீங்க இந்தக் கேட்டுல வந்து, அதுக்கு எதிர்ப்பக்கமா நடங்க. நடுவுல பாத்துக்கலாம். புடிச்சா பேசலாம். புடிக்கலியா, காத்து வாங்க வந்தோம்னு போய்க்கினே இருக்கலாம். ஒரு பய கேக்க மாட்டான்."

அவரும் கூட வந்திருந்தால் சரியாகப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் கோழிக்குழம்பு. அடுப்பை விட்டு நகர முடியாது.

கேட்டைத் தாண்டியதும் அப்பா நின்றார். "நல்ல காரியத்துக்கு வந்துட்டு எவனாவது இடமா சுத்துவானா? உன் தம்பிக்குக் குழம்பு கிண்டத்தான் தெரியும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வலமாகவே நடக்க ஆரம்பித்தார். நாங்களும் பின்னால் போனோம்.

அந்தக் காட்டின் அழகை நான் எழுதி முடியாது. ஓட்டுக்கூரை போட்ட பழைய பங்களாக்கள், அவற்றைவிட உயரமாக மரங்கள். ஒரு புள்ளிமான் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் பாவாடை நிறையக் களாக்காய் பறித்துக்கொண்டேன். அப்பாவும் அம்மாவும் எதிரே யாராவது வருகிறார்களா என்று பாதையையே பார்த்து நடந்தார்கள். அக்கா மட்டும் குளத்துப் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

ஒரு சுற்று முடிந்தது. யாரும் வரவில்லை. இரண்டாவது சுற்றும் போனோம். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "தூரத்துல நின்னு பாத்துட்டு அப்டியே போய்ட்டாங்களோ?" என்றாள்.

அப்போதுதான் அக்கா, "ஸ்ஸ், கால்ல முள்ளு" என்று குளக்கரைக் கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் துணைக்கு வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் வர வேண்டிய கேட்டு வரைக்கும் பார்த்துவருவதாக அப்பாவும் அம்மாவும் போனார்கள்.

நான் அக்காவின் காலை மடியில் வைத்துத் தேடினேன். வலது கால், இடது கால், விரல் இடுக்கு. முள் இல்லை. "உள்ள போய்டுச்சி" என்றாள்.

கொஞ்ச நேரத்தில், அப்பா போன திசையிலிருந்து ஓர் ஆள் தனியாக வந்தார். ஒரு காலில் ரப்பர் செருப்பு, இன்னொன்று கையில்.

"பாப்பா, ஊக்கு இருக்குமா? வாரு பூட்ச்சி."

அக்கா வளையலிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி என் கையில் வைத்தாள். நான் அவரிடம் கொடுத்தேன். மூன்றடி தூரம்தான், ஆனாலும் நடுவில் நான் வேண்டியிருந்தது.

"ரொம்ப நேரமா நடக்கறீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ரெண்டு சுத்து" என்று அக்கா மரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நாங்களும்."

"நாங்க மாப்ளயத் தேடிகினு வந்தோம்" என்றேன் நான். "அவுரு நாலு பேரோட வருவாரு."

"வருவாரு, வருவாரு" என்றார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு பாதை நிறைய ஆட்கள் வந்தார்கள். அப்பா, அம்மா, கூடவே மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர். கால் வலித்து அவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க, அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார் அப்பா. வழியில் கையில் செருப்போடு எதிரே வந்த மாப்பிள்ளையிடமே, "பாத்துப் போப்பா, முள்ளு கீது" என்று சொல்லிவிட்டு வேறு போயிருக்கிறார்!

மாப்பிள்ளையின் அம்மா பெஞ்சில் இருந்த அக்காவின் காலையே பார்த்தார். "ஏம்மா, நடக்க முடியாதா?" அந்தக் குரலில் சந்தேகம் இருந்தது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா, "முள்ளு..." என்று ஆரம்பித்தாள்.

"முள்ளே இல்ல! நான் ரெண்டு காலயும் பாத்தேன். சும்மா சொல்றா!" என்றேன் நான்.

அம்மா என் தொடையில் கிள்ளினது இன்றும் நினைவிருக்கிறது. அந்த அம்மாள் அக்காவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மகன் கையிலிருந்த செருப்பை வாங்கித் திருப்பினார். ஊக்கு குத்தியிருந்ததே தவிர, வார் எங்கேயும் அறுந்திருக்கவில்லை.

"ஏண்டா, நேத்து வாங்கின செருப்பு!" என்றார். அப்புறம் சிரித்துவிட்டார். "சுத்தினது போதும். தேதி பாருங்க."

தை மாதம் கல்யாணம். எனக்கு மட்டும் ஒரு வாரம் கோபம் தீரவில்லை. பொய் சொன்ன இருவருக்கும் மாலை, உண்மை சொன்னவளுக்குக் கிள்ளு. குளத்துக்கு அக்கரையில் எங்களைப் போலவே ஒரு குடும்பம் அதே பக்கமாகச் சுற்றுவதை அக்கா முதல் சுற்றிலேயே பார்த்துவிட்டாள் என்பதும், மாப்பிள்ளை அதோ போகிறார் என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதும், எனக்கு அப்போது எங்கே புரிந்தது? அக்காவைக் கேட்டால் இன்றும், முள் இருந்தது, உனக்குத்தான் எடுக்கத் தெரியவில்லை என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறாள். பேத்திக் கண்ணு, அன்றைக்கு இதை அவளுக்கு நீதான் படிக்க வேண்டும்; முதலில் எனக்கு ஒரு தரம் படித்துக் காட்டு. முள் வருகிற இடத்தை மட்டும் மெதுவாகப் படி.